டிராக்டர் லிப்ட் கொதிக்கிறதா? பம்பில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

காலை ஏழு மணிக்கு, உழவுக் கருவியான ரொட்டவேட்டரைச் சட்டென்று தூக்கிய டிராக்டர், மதியம் ஒரு மணிக்கு அதே ரொட்டவேட்டரைத் தூக்க முனகுகிறது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. சீட்டுக்குக் கீழே இருக்கும் ஹவுசிங் என்ற இரும்புக் கூட்டில் கை வைக்க முடியவில்லை. புங்க மரத்து நிழலில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்கிறது. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆரணி, போளூர் என்று பழைய வட ஆற்காட்டில் எந்தப் பக்கம் போனாலும் ஏப்ரல், மே மாதங்களில் டிராக்டர்காரர்களிடம் இந்தப் பேச்சு இருக்கும். சொர்ணவாரிப் பருவ நெல் நடவுக்குச் சேடை (சேற்றுழவு) ஓட்டுகிற காலமும் கத்திரி வெயிலும் ஒன்றாக வந்து சேருகிற ஊர் நம் ஊர்.

புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கும், அப்பா ஓட்டிய வண்டியை இப்போதுதான் கையில் வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். சூடு எந்த இடத்தில் பிறக்கிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். ஸ்பேனர் எடுப்பது அதற்குப் பிறகு.

இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்த வண்டியில். கே.வி.குப்பம் பக்கம் சேடை ஓட்டிக்கொண்டிருந்தபோது மதியமானால் லிப்ட் தூக்காது. ஒரு பட்டறையில் காட்டினேன். "பம்ப் போயிடுச்சி, மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினோம். மறுநாள் காலை அருமையாக ஓடியது. மதியம் அதே கதை. பக்கத்து நிலத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். எதையும் கழற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டபடியே சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டிப்பர் லீவரை, அதாவது டிப்பர் டிரெய்லரைத் தூக்கும் லீவரை, கட்டை விரலால் லேசாகத் தள்ளினார். இன்ஜின் சத்தம் மூச்சு விட்டதுபோல இறங்கியது.

"இன்னா தம்பி, இவ்ளோ நாளா இத்த இழுத்து வெச்சிகினே ஓட்னு இருந்தியா?"

லீவர் பார்வைக்கு நடுவில்தான் நின்றது. அடியில் இருந்த ரப்பர் உறைக்குள் சேற்று மண் புகுந்து, காய்ந்து, செங்கல் மாதிரி இறுகியிருந்தது. அதனால் லீவர் முழுவதும் நடுவுக்குத் திரும்பவில்லை. உள்ளே எண்ணெயின் வழியை மாற்றும் ஸ்பூல் என்ற வால்வுத் தண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்றது. அந்த மண்ணை ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தோம். அத்தோடு சரியானது. பம்புக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பிறகு யார் வண்டி சூடாகிறது என்று சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது லீவரைத்தான்.

சூடு எப்படி வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளுகிறது. அந்த அழுத்தம் லிப்டைத் தூக்கினால் அது வேலை. எதையும் தூக்காமல் ஒரு சின்ன இடுக்கு வழியாகப் பீறிட்டு மறுபடி தொட்டிக்கே திரும்பினால், அந்தச் சக்தி முழுவதும் சூடாக மாறி எண்ணெயிலேயே தங்கிவிடும்.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போடலாம். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை எத்தனை பார் அழுத்தம் என்பதால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். நிமிஷத்துக்கு 25 லிட்டர் தள்ளும் பம்ப், 180 பாரில், அழுத்தம் அளவு மீறாமல் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்புகிறது என்று வையுங்கள். 7.5 கிலோவாட். குளிக்க வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிறோமே, அந்த 1500 வாட் ஹீட்டர் ஐந்தை ஒரே நேரத்தில் ஹவுசிங்குக்குள் போட்டதற்குச் சமம். உள்ளே 40 லிட்டர் எண்ணெய் இருந்தால், எண்ணெயை மட்டும் கணக்கில் எடுத்தால் நிமிஷத்துக்கு ஆறேழு டிகிரி ஏறும். சுற்றியிருக்கும் இரும்பும் சூட்டை வாங்கிக்கொள்வதால் நடப்பில் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

இன்னொன்று. எண்ணெய் சூடானால் தண்ணீர் மாதிரி இளகும். இளகிய எண்ணெய் பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில் அதிகம் கசியும். கசிந்தால் இன்னும் சூடு. காலையில் தூக்குவதும் மதியம் தூக்காததும் இந்தச் சுழலால்தான்.

மே மாதத்தில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறதே, மார்கழியில் வரவில்லையே என்று கேட்பார்கள். கோளாறு மார்கழியிலும் இருந்தது. வெளிக்காற்றை விட எண்ணெய் 35 டிகிரி அதிகம் சூடாகும் வண்டி, 25 டிகிரியில் ஓடினால் எண்ணெய் 60இல் நிற்கும். வேலூர் வெயில் 42ஐத் தொடும் நாளில் அதே வண்டியின் எண்ணெய் 77. வெயில் கோளாறை வெளியே காட்டிக் கொடுக்கிறது. ஆகவே "வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

எது சரியான சூடு? பொதுவாக 50 முதல் 65 டிகிரி வரை கவலையில்லை. கடும் வேலையில் 70ஐத் தொடலாம். 80ஐத் தாண்டினால் வேலையை நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் கசிவைத் தடுக்கும் ஓரிங்கும் சீலும் விறைத்துப்போகும், எண்ணெயும் சீக்கிரம் கெடும். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகிறது என்பது பொதுவான கணக்கு.

தொடும் முன்

ரொட்டவேட்டரோ கலப்பையோ மேலே தூக்கியபடி இருக்கும்போது அதன் அடியில் போகவே கூடாது. ஹைட்ராலிக்கை நம்பி ஒரு நிமிஷம்கூட வேண்டாம். தரையில் இறக்குங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், பிறகு எல்லா லீவர்களையும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஆட்டுங்கள். ஹோஸில் தேங்கியிருக்கும் அழுத்தம் அப்போதுதான் இறங்கும்.

ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து எண்ணெய் பீறிட்டால் அது கண்ணுக்குப் புகை மாதிரி தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. விரலை வைத்துத் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் இருக்கும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கி விரலையே எடுக்கும்படி ஆகிவிடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டி, அதில் எண்ணெய் படிகிறதா என்று பாருங்கள். தப்பித் தவறி கையில் பாய்ந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையோ, உடனே போய் "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். முள் குத்திய காயம் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

சூட்டை அளக்க

கையால் பார்ப்பது ஒரு குறிப்புக்குத்தான். ஹவுசிங்கில் உள்ளங்கை வைத்து ஐந்து எண்ணும் வரை தாங்கினால் 50, 55 வாக்கில் இருக்கும். வைத்ததும் இழுத்துக்கொண்டால் 60க்கு மேல். அதற்கு மேல் கைக்கு வித்தியாசம் தெரியாது. 65உம் 95உம் கைக்கு ஒன்றுதான்.

அகச்சிவப்புக் கதிரில் அளக்கும் டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்கி வையுங்கள். பட்டறைச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டினார்களே, அது உதவாது; மனித உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டுமே அது காட்டும். தொழிற்கூட வேலைக்கான கன் வேண்டும். பளபளப்பான இரும்பிலும் வெள்ளி நிறக் குழாயிலும் கன் தவறாகக் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் அளக்க வேண்டும். நான் ஐந்து இடங்களில் டேப் ஒட்டியே வைத்திருக்கிறேன்: பின் ஹவுசிங்கின் பக்கவாட்டு, பம்ப் உடல், டிப்பர் லீவர் வால்வு, இரண்டு பின் சக்கர ஆக்சில் குழல்கள்.

முதல் படி: சீட்டில் உட்கார்ந்தபடியே

இன்ஜினை ஓடவிட்டு எல்லா லீவரையும் நடுவில் வையுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். பிறகு டிப்பர் லீவரை ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே அசைத்துப் பாருங்கள். எந்த இடத்திலாவது இன்ஜின் சத்தம் இலகுவானால், அதுவரை எண்ணெய் வீணாகப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். லீவரின் அடியை, லிங்க் ராடை, ரப்பர் உறையைச் சுத்தம் செய்யுங்கள். லீவரைக் கயிற்றாலோ டியூப் ரப்பராலோ கட்டி வைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. டிப்பர் ஏறும்வரை பிடித்துக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டு ஒருவர் கட்டுவார், அவிழ்க்க மறந்துவிடுவார். கட்டாதீர்கள்.

டிப்பரில் இன்னொரு பிழை. மண்ணோ ஜல்லியோ கொட்டி முடித்து, சிலிண்டர் முழுவதும் நீண்ட பிறகும் லீவரை இழுத்தே வைத்திருப்பது. சிலிண்டர் போக வழியில்லை, பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கிறது, எண்ணெய் முழுவதும் ரிலீஃப் வால்வில் கத்திக்கொண்டு போகிறது. அந்தக் கீச்சென்ற சத்தம் கேட்ட உடனே லீவரை விட வேண்டும். அதிக பாரம் ஏற்றி டிப்பர் எழும்பாதபோது இன்ஜினை முறுக்கி முறுக்கிப் பார்ப்பதும் இதே கணக்குதான். கொஞ்சம் மண்ணை மண்வெட்டியால் தள்ளிவிட்டுத் தூக்குங்கள்.

அடுத்து ஹோஸ் கப்ளர், அதாவது ஹோஸை வண்டியோடு இணைக்கும் பூட்டு. ஆணும் பெண்ணும் முழுவதும் சேர்ந்து "டக்" என்று உட்கார வேண்டும். பாதி சேர்ந்தால் உள்ளே இருக்கும் குண்டு முழுவதும் திறக்காது. எண்ணெய் அந்த இடுக்கில் நெரிபடும். கப்ளரைத் தொட்டுப் பார்த்தால் ஹோஸை விட அதிகமாகச் சுடும். மண் ஒட்டிய கப்ளரைத் துடைக்காமல் செருகினால் இது நிச்சயம் வரும், கூடவே அந்த மண் உள்ளே போகும். செருகாத நேரத்தில் மூடி போட்டு வையுங்கள்.

இப்போது லிப்ட் லீவர். பொசிஷன் லீவரைக் கடைசி வரை மேலே தள்ளுங்கள். லிப்ட் கை உச்சிக்குப் போனதும் பம்ப் சத்தம் அடங்க வேண்டும். அடங்காமல் ஊளையிட்டுக்கொண்டே இருந்தால், லிப்ட் கை ஹவுசிங்கில் முட்டியும் வால்வு மூடவில்லை என்று பொருள். உள் லிங்க்கின் அளவு மாறியிருக்கும். லீவரைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சத்தம் நிற்கிறதா? நின்றால் லீவர் தடத்தில் இருக்கும் தடுப்புத் திருகை அந்த இடத்துக்குக் கீழே வைத்து ஓட்டலாம். உள் லிங்க்கைச் சரிசெய்வதை மெக்கானிக் பார்த்துக்கொள்ளட்டும்.

டிராஃப்ட் லீவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். டிராஃப்ட், மண் கலப்பையை இழுக்கும் பளுவைப் பார்த்துத் தானாகவே தூக்கி இறக்கும். ஒன்பது கொத்துக் கலப்பைக்கும் வாய்க்கலப்பைக்கும் அது சரி. ரொட்டவேட்டர் வண்டியை முன்னே தள்ளுகிறதே தவிரப் பின்னே இழுப்பதில்லை. அதை டிராஃப்டில் வைத்தால் லிப்ட் என்ன செய்வது என்று தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். ரொட்டவேட்டருக்குப் பொசிஷன் லீவர். ஆழத்தையும் ரொட்டவேட்டரின் இரு பக்கச் சறுக்குக் கட்டைகளே தாங்கட்டும். லீவரை இறக்கி விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் லிப்டே அதைத் தாங்கிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பம்ப் திருத்திக்கொண்டே இருக்கும். கலப்பையிலும், டிராஃப்ட் மிக நுட்பமாக வைக்கப்பட்டிருந்தால் நம் செம்மண்ணில் கல்லுக்குக் கல் துள்ளும். மல்லாட்டை (நிலக்கடலை) நிலம் ஓட்டும்போது இது தெளிவாகத் தெரியும். கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

இரண்டாம் படி: எண்ணெய்

சமதரையில் நிறுத்துங்கள். லிப்ட் கையும் டிப்பரும் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். டிப்பர் தூக்கிய நிலையில் அளந்தால் சிலிண்டருக்குள் போன எண்ணெய் கணக்கில் வராது. டிப்ஸ்டிக்கைச் சுற்றியிருக்கும் மண்ணைத் துடைத்த பிறகே உருவுங்கள்.

குறைவாக இருந்தால் இருக்கிற எண்ணெய் ஓய்வில்லாமல் சுற்றும், ஆற நேரம் கிடைக்காது. அதிகமாக இருந்தாலும் தப்பு. நம் வண்டிகளில் பெரும்பாலும் கியருக்கும் லிப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அளவுக்கு மேல் நிரப்பினால் பெரிய பற்சக்கரங்கள் அதைக் கடைந்து கடைந்து நுரையும் சூடும் ஆக்கிவிடும்.

டிப்ஸ்டிக்கில் வந்ததை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வையுங்கள். பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உறுதி செய்ய, திறந்த வெளியில், பழைய கரண்டி ஒன்றைச் சூடாக்கி அதில் இரண்டே சொட்டு விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. தாளிக்கும் கடுகு மாதிரி படபடவென்று வெடித்தால் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆக்சில் அளவு தண்ணீரில் இறங்கிய வண்டி, பிரஷர் பம்பால், ஹவுசிங்குக்குக் காற்று போய்வரும் மூச்சுமூடிக்கு நேரே அடித்துக் கழுவிய வண்டி, இரண்டிலும் இது வரும். நுரை மட்டும் இருந்து, அரை மணியில் தானாகத் தெளிந்தால் அது காற்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கருத்து, கருகிய வாடை வந்தால் எண்ணெய் வெந்துபோய்விட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எந்த எண்ணெய்? வண்டிப் புத்தகத்தில் இருப்பது மட்டுமே. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு, கடைகளில் வெட் பிரேக் ஆயில் என்று கேட்டு வாங்கும் வகை வேண்டும். மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது, கெட்டியாக இருக்கட்டும் என்று 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றுவது, இரண்டும் வேண்டாம். கெட்டி எண்ணெய் பம்புக்கு உறிஞ்சவே கஷ்டம், குழாயில் ஓடவும் கஷ்டம், அதுவே சூடாகும். இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வாடகை டிப்பரைப் பத்து வண்டிகளில் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு வண்டியின் எண்ணெயும் அந்தச் சிலிண்டரில் தங்கி அடுத்த வண்டிக்குள் போகிறது. அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடிக்கிற டிரெய்லரில் டிப்பர் கிடையாது, கவலையில்லை. மண், செங்கல், ஜல்லி அடிக்கிறவர்கள் மட்டும் எண்ணெயை அடிக்கடி பாருங்கள்.

மூன்றாம் படி: ஆறும் வழி

எண்ணெய்க்குத் தனியாகக் கூலர் இருக்கும் வண்டியில், ரேடியேட்டருக்கு முன்னால் அது நிற்கும். வைக்கோல் தூசியும் மல்லாட்டைக் கொடித் தூசியும் அதன் இதழ்களுக்கு நடுவே போர்வை மாதிரி அடைத்துக்கொள்ளும். முன்னாலிருந்து ஊதினால் தூசி இன்னும் உள்ளே இறுகும். காற்றாடிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத்தில் ஊத வேண்டும். அதிக அழுத்தம் இதழ்களை மடக்கிவிடும். இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். ஃபேன் பெல்ட்டையும் அப்போதே அழுத்திப் பாருங்கள்.

கூலர் இல்லாத வண்டிகள் நம் பக்கம் நிறைய. அவற்றுக்கு ஹவுசிங்கின் வெளி இரும்பே கூலர். சேடை ஓட்டி முடித்ததும் அதில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். மண் பானைக்குள் சோறு சூடாக இருப்பதுபோல எண்ணெயும் சூடாகவே இருக்கும். கால்வாயிலேயே தண்ணீர் மொண்டு ஊற்றி, ஈரம் காயும் முன் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கொதிக்கும் இரும்பில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றாமல் அரை மணி பொறுங்கள்.

நான்காம் படி: மூன்று ஓட்டம்

இதுவரை பார்த்ததில் கோளாறு கிடைக்கவில்லையா? அப்படியானால் இந்தச் சோதனையைப் பொறுமையாகச் செய்யுங்கள். மூன்று நாள் காலையில், வண்டி முழுவதும் ஆறியிருக்கும்போது, ஒவ்வொன்றும் 20 நிமிஷம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஐந்து இடங்களிலும் அளந்து எழுதுங்கள்.

முதல் நாள்: வண்டி நிற்கட்டும், லிப்ட் கீழே, ஹோஸ் எதுவும் மாட்டாமல், எல்லா லீவரும் நடுவில். இன்ஜின் 1500 சுற்றில். சூடு மெதுவாகத்தான் ஏற வேண்டும். விறுவிறு என்று ஏறினால் எண்ணெய் தடையில்லாமல் தொட்டிக்குத் திரும்ப முடியவில்லை. டிப்பர் வால்வா, ரிலீஃப் வால்வா, திரும்பும் வழியில் அடைப்பா என்பதை, எந்த டேப் மற்றதை விட அதிகம் காட்டுகிறதோ அதை வைத்துச் சொல்லலாம். எண்ணெய் நெரிபடும் இடம் எப்போதும் தொட்டியை விடச் சூடாக இருக்கும்.

இரண்டாம் நாள்: கனமான கருவியைத் தூக்கி, லீவரை உச்சிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி வையுங்கள். சுற்றிலும் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். லிப்ட் கை அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் இறங்கி, உடனே எழும்பி, மறுபடி இறங்கி, தலையாட்டிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் பிஸ்டன் சீலிலோ வால்விலோ உள்கசிவு. கசிந்ததை ஈடுகட்டப் பம்ப் ஓயாமல் வேலை செய்கிறது. இன்ஜினை நிறுத்தி, கருவி தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பாருங்கள். காலையில் குளிர்ந்த எண்ணெயில் எவ்வளவு, மதியம் சூடான எண்ணெயில் எவ்வளவு என்று இரண்டையும் குறித்தால் மெக்கானிக்குக் கண் கண்ட சாட்சி.

மூன்றாம் நாள்: லிப்டைத் தொடாமல் சாலையில் வெறும் வண்டியை ஓட்டுங்கள். முதல் நாள் ஏறாமல் இப்போது கொதித்தால் கோளாறு ஹைட்ராலிக்கில் இல்லை. பிரேக் தட்டுகள் உரசுகின்றனவா என்று பாருங்கள். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியில் அவையும் அதே எண்ணெயில்தான் இருக்கின்றன. ஒரு பக்க ஆக்சில் குழல் மற்றதை விடச் சூடாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் பிடித்தபடி இருக்கிறது. கை பிரேக் முழுவதும் இறங்கியதா, மிதியில் இலவச ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் மிதியில் கால் வைத்தே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். ஒரு பையன் லிப்ட் கொதிக்கிறது என்று மூன்று மாதம் அலைந்தான். கடைசியில் இடது பிரேக்கின் ராடை ஒரு சுற்றுத் தளர்த்தியதோடு தீர்ந்தது.

மாஸி பெர்குசன் வகை வண்டிகளில் பம்ப் வெளியே தெரியாது, பின் ஹவுசிங்குக்குள் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். உறிஞ்சும் பக்கத்தை மூடித் திறந்து கட்டுப்படுத்தும் அமைப்பு அது. லிப்ட் சும்மா இருக்கும்போது பம்ப் எண்ணெயே எடுப்பதில்லை. ஆகவே முதல் நாள் சோதனையில் அது சூடாவது அபூர்வம். அந்த வண்டிக்கு இரண்டாம் நாள் சோதனையே முக்கியம்.

ஐந்தாம் படி: உறிஞ்சும் பக்கம்

பம்ப் கீச்சிடுகிறது, உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம், எண்ணெயில் நுரை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை அல்லது எண்ணெயோடு காற்றும் போகிறது. காற்றுக் குமிழ் அழுத்தத்தில் நசுங்கும்போது அந்த இடம் கடுமையாகச் சூடாகும், பம்பின் உலோகத்தையும் அரிக்கும்.

உறிஞ்சும் குழாயின் இணைப்பில் எண்ணெய் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். ஆகவே ஈரம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் கிரீஸை வழிய வழியத் தடவுங்கள். எந்த இணைப்பில் தடவியதும் சத்தம் குறைகிறதோ அங்கே ஓரிங்கை மாற்றுங்கள். சுழலும் பெல்ட்டுக்கும், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கும் பக்கத்தில் துண்டு, லுங்கி நுனி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டியை மாற்றும்போது வாங்கிய கடையின் பேச்சை விடப் பாகத்தின் எண்ணைப் பாருங்கள். கம்பி வலை வடிகட்டியை டீசலில் கழுவி, காற்றால் ஊதிக் காயவிடுங்கள். பனியன் வேஸ்ட் துணியால் துடைக்க வேண்டாம். அதன் நூல் இழைதான் அடுத்த அடைப்பு. உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தத்தில் மை மாதிரி கரும்பசை ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். விரல் நடுவில் உருட்டும்போது நறநறவென்றால், அல்லது நகத்துணுக்கு அளவு உலோகச் சில்லு இருந்தால், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

எண்ணெயை மாற்றுவதானால் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள், கொதிக்கும்போது வேண்டாம். தண்ணீர் கலந்திருந்தால் ஒரு தடவை மாற்றுவது போதாது. புது எண்ணெய் ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டிப் பார்த்து, மறுபடி பால் நிறம் வந்தால் மீண்டும் மாற்ற வேண்டும். நிரப்பிய பிறகு லிப்டை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கி, நிறுத்தி, மறுபடி அளவு பாருங்கள். கழிவு எண்ணெயை வாய்க்காலில் விடாதீர்கள். கேனில் பிடித்து வைத்தால் வாங்கிப் போக ஆள் வருவார்கள்.

ஆறாம் படி: ரிலீஃப் வால்வும் பம்பும்

இவை இரண்டும் கடைசி. ரிலீஃப் வால்வின் திருகை யார் சொன்னாலும் நீங்களாகத் திருகாதீர்கள். ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டு இறுக்கினால் இன்னும் நன்றாகத் தூக்கும் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. தூக்கும், ஹோஸ் வெடிக்கும், லிப்ட் ஹவுசிங்கே விரிசல் விடும். உரிய அளவை விடக் குறைவாக வைத்தாலும் தவறு, தூக்கும்போதெல்லாம் திறந்து எண்ணெயைச் சூடாக்கும். நம் வண்டிகளில் பெரும்பாலும் 150 முதல் 200 பாருக்குள் இருக்கும்; உங்கள் வண்டிக்குரிய எண் புத்தகத்தில் இருக்கிறது.

மெக்கானிக் பம்ப் போய்விட்டது என்று சொன்னால் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "அண்ணா, பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டுங்கண்ணா." காலையில் குளிர்ந்த எண்ணெயில் ஒரு அளவு, 65 டிகிரிக்கு மேல் சூடான எண்ணெயில் இன்னொரு அளவு. குளிரில் முழு அழுத்தம் வந்து, சூட்டில் பாதியாக விழுந்தால் எங்கோ தேய்ந்திருக்கிறது. அது பம்பா, வால்வா, சிலிண்டரா என்று பிரிக்க, வால்வுக்கு முன்னால் குழாயை மறித்துப் பம்பை மட்டும் தனியே சோதிப்பார்கள். அதை ரிலீஃப் இல்லாமல் மறித்தால் பம்பே உடையும், ஆகவே பழகியவர் செய்யட்டும். கேஜ் இல்லாத பட்டறையில் பம்ப் மாற்ற வேண்டாம்.

உங்கள் மூன்று நாள் குறிப்பை அவரிடம் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். எங்கே கழற்ற வேண்டும் என்று அவருக்கு அரை நாள் மிச்சமாகும்.

சரிசெய்த பிறகு முதல் வாரம், மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஹவுசிங் டேப்பில் அளந்து, வெளி வெயில் எவ்வளவு என்பதையும் சேர்த்து டூல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். என் வண்டியில் இப்போது கத்திரி வெயிலில் 66, 68 என்று நிற்கிறது. அடுத்த சொர்ணவாரியில் அது 75 என்று காட்டினால், லிப்ட் முனகத் தொடங்கும் முன்பே டிப்பர் லீவரின் ரப்பர் உறையைத் திறந்து பார்ப்பேன்.